கிரேட் 8 முடிச்சா என்ன வேலை, டீச்சர்?

போன சனிக்கிழமை என் தந்திக் கருவி வகுப்பு முடிந்து பிள்ளைகள் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையனின் அம்மா என்னை வாசல் பக்கம் கூப்பிட்டார். "டீச்சர், இவன் கிரேட் 8 முடிச்சா என்ன வேலை கிடைக்கும்? நீங்க நாலு பேரா உட்கார்ந்து வாசிப்பீங்களே, அதுல சம்பளம் வருமா?" கிரேட் 8 என்பது மேற்கத்திய இசைத் தேர்வு வரிசையில் கடைசிக் கிரேடு. இரவு ஷிப்ட் முடித்து, தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். மாதக் கட்டணத்தை அவர் எப்படிச் சேர்க்கிறார் என்று எனக்குத் தெரியும். நின்றபடியே ஐந்து நிமிடம் பேசினேன். போதவில்லை. அதனால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் வாசிப்பது வியோலா. வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, குரல் தாழ்ந்தது. வயலினின் உச்சக் கம்பியான ஈ இதில் கிடையாது. அதற்குப் பதில் அடியில் ஒரு சி கம்பி உண்டு. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ (உட்கார்ந்து வாசிக்கும் பெரிய, தாழ்ந்த குரல் தந்திக் கருவி) சேர்ந்தால் ஸ்ட்ரிங் குவார்டெட், நம் பேச்சில் நால்வர் குழு.

சம்பள விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நால்வர் குழுவில் வாசித்து மட்டுமே குடும்பம் நடத்துகிறவர் எனக்குத் தெரிந்த வட்டத்தில் யாரும் இல்லை. எனக்குத் திங்கள் முதல் வியாழன் வரை ஈப்போவில் வகுப்பு. சில வெள்ளிக்கிழமைகளில் சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் இ.டி.எஸ். ரயில் ஏறி கோலாலம்பூர் போவேன். ஹோட்டல் கல்யாணம், பாடல் ஒலிப்பதிவு, எப்போதாவது ஓர் இசைக்குழுவில் ஆள் குறைந்தால் மாற்று ஆளாக ஒரு வாரம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் மாதம் ஓடும். ஒரு கல்யாண ஏற்பாட்டாளர் பாதிப் பணத்தை இன்றுவரை தரவில்லை. நிரந்தர இடத்துக்கு இரண்டு முறை ஆடிஷன் கொடுத்திருக்கிறேன். திரைக்குப் பின்னால் நின்று, யாரென்று தெரியாமல் வாசிக்க வேண்டும். வியோலாவுக்குப் பெரும்பாலும் ஹாஃப்மைஸ்டர் அல்லது ஸ்டாமிட்ஸ் எழுதிய கான்செர்டோவின் (ஒரு தனிக் கருவி முன்நிற்க இசைக்குழு கூட வாசிக்கும் உருப்படி) முதல் பகுதியைக் கேட்பார்கள். அந்த நாலைந்து நிமிடத்துக்காக ஏழு மாதம் உழைத்தேன். இரண்டு முறையும் கிடைக்கவில்லை.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். அந்த அம்மாவிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது அதைத்தான்.

நான் பிறந்தது இங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில். பாட்டி பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் டவுனுக்கு வந்துவிட்டோம். எட்டு வயதில் கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக் கர்நாடக சங்கீதம் கற்க ஆரம்பித்தேன். மாஸ்டர் முதல் பத்து நிமிடம் வயலினைத் தொடவே விடமாட்டார். தம்புராவை மீட்டிவிட்டு, "கேளு. சட்ஜம் அடங்குறதுக்குள்ள ஒரு காந்தாரம் தானா வரும். அதைப் பிடி" என்பார். சட்ஜம் என்பது 'ச', காந்தாரம் 'க'. மூன்று மாதம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் ஜிங்க் கூரையில் மழை ஓய்ந்த நேரம், அது அங்கே இருந்தது. அந்தர காந்தாரம். அந்தச் சுரத்துக்கென்று தம்புராவில் கம்பியே இல்லை. சட்ஜக் கம்பியின் உள்ளிருந்தே எழுகிறது. சுயம்பு சுரம் என்று அதனால்தான் சொல்கிறார்கள்.

பன்னிரண்டு வயதில் ஈப்போவில் ஒரு சீன டீச்சரிடம் மேற்கத்திய வயலினுக்கு மாறினேன். உட்கார்ந்தவள் எழுந்து நின்றேன். கணுக்காலில் இருந்த வயலின் தாடைக்குப் போனது. அப்புறம் கிரேடு. ஒவ்வொரு தேர்வுக்கும் சில உருப்படி, ஸ்கேல், சான்றிதழ், அடுத்த கிரேடு. டீச்சர் நல்லவர், கண்டிப்பானவர், என் வில் கையை உருவாக்கியவர் அவர்தான். ஆனால் பதினேழு வயதில் நான் கிரேட் 8 தேறியபோது, இன்னொரு தந்திக் கருவிக்காரரோடு ஒரு பக்கம்கூடச் சேர்ந்து வாசித்ததில்லை. பியானோ துணைக்கு இருந்தது, அவ்வளவுதான். இதை நான் இன்றும் பெரிய குறையாக நினைக்கிறேன். நம் ஊரில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு இதுதான் நடக்கிறது. சுவரில் சான்றிதழ் வரிசையாக இருக்கும். பக்கத்தில் இருப்பவர் மூச்சு இழுத்துத் தொடங்கினால் கூடவே தொடங்கத் தெரியாது.

அதன் பிறகு ஓர் இளையோர் முகாமில் வியோலாவுக்கு ஆள் இல்லை என்று என் கையில் ஒன்றைக் கொடுத்தார்கள். அங்கேதான் முதல் முறையாக நால்வரில் ஒருத்தியாக உட்கார்ந்தேன். நான்கு பேரும் சுருதி சேர்த்தோம். ஒவ்வொருவரும் தத்தம் கருவியில் சுத்தமாக, ச-ப, ச-ப என்று பஞ்சமம் பஞ்சமமாக. பிறகு செல்லோவின் அடிக் கம்பி சி, வயலினின் உச்சக் கம்பி ஈ, இரண்டையும் சேர்த்து இழுத்தால் காது கூசியது. யார் தப்பு என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். யாருமே தப்பில்லை.

சி-யைச் சட்ஜமாக வைத்தால் ஈ அந்தர காந்தாரம். சி, ஜி, டி, ஏ, ஈ என்று சுத்தப் பஞ்சமமாக நான்கு படி ஏறி வரும் ஈ, தம்புராவில் தானாகப் பிறக்கும் காந்தாரத்தைவிடக் கூர்மையாக நிற்கும். வித்தியாசம் ஓர் அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். அதனால் பல நால்வர் குழுக்கள் பஞ்சமங்களை மயிரிழை குறுக்கித்தான் சுருதி சேர்க்கும். செல்லோவின், வியோலாவின் சி கம்பி அந்த மயிரிழை மேலே வரும். பயிற்சியாளர் இதைப் பலகையில் எழுதி விளக்கும் முன்பே என் கை சி கம்பியின் முறுக்காணிக்குப் போய்விட்டது. கோயில் அறையில் மூன்று மாதம் கேட்டது அங்கே வந்து நின்றது. என் கண் கலங்கியதை அந்த மூவரும் பார்த்தார்கள்.

சி கம்பிக்கு இன்னொரு குருவும் உண்டு. அந்தக் கம்பி தடிமன். வில்லை அழுத்தினால் நெரிந்து கத்தும், அழுத்தாவிட்டால் பேசாது. வீட்டில் நான் அதோடு மல்லுக்கட்டியதைப் பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அழுத்தாதம்மா, மரத்துக்குக் காயம் பட்டுரும். கத்தியோட பாரத்தை மட்டும் விடு" என்றார். பால் வெட்டுக்குப் பட்டை மெல்லிய சீவலாக வர வேண்டும். கத்தி ஆழம் போனால் மரம் புண்ணாகி, பட்டை மேடு பள்ளமாக வளரும். முப்பது வருஷம் விடியும் முன் செய்த வேலை அது. தோளைத் தளர்த்திக் கையின் பாரத்தை மட்டும் விட்டேன். கம்பி பேசியது.

பிறகு சிங்கப்பூரில் நான்கு வருடம். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். திரும்பி வந்து நாங்கள் நால்வர் சேர்ந்த குழு இரண்டு வருடம் நீடித்தது. செல்லோக்காரர் ஜெர்மனிக்குப் படிக்கப் போனார். இரண்டாவது வயலின் அக்காவுக்குக் குழந்தை பிறந்து பினாங்குக்குப் போய்விட்டார். சண்டை எதுவும் இல்லை. வேறு ஆள் போடலாம் என்று பலர் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை.

இப்படி ஆளை இழந்த நால்வர் குழுக்கள் முன்பும் உண்டு. அமடேயஸ் குவார்டெட் 1948இல் லண்டன் விக்மோர் ஹாலில் அரங்கேறியது. அதில் மூவர் அகதிகளாக வந்து பிரிட்டனில் தடுப்புக் காவலில் இருந்தவர்கள். வயலின் ஆசிரியர் மாக்ஸ் ரோஸ்டால் அவர்களுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். வியோலா வாசித்த பீட்டர் ஷிட்லோஃப் வயலினிலிருந்து மாறியவர், என்னைப் போல. அதே நால்வர் ஏறக்குறைய 40 வருடம் வாசித்தார்கள். 1987இல் ஷிட்லோஃப் இறந்ததும் மற்ற மூவரும் வேறு ஆளைத் தேடவில்லை, குழு அதோடு முடிந்தது. குவார்னேரி குவார்டெட் வேறு வழியில் போனது: 2001இல் செல்லோ வாசித்த டேவிட் சோயர் ஓய்வு பெற, அவர் மாணவர் பீட்டர் வைலி வந்து 2009 வரை தொடர்ந்தார்கள். முன்பெல்லாம் இதுதான் புத்திசாலித்தனம் என்று வாதாடுவேன். இப்போது வேறு ஆளைத் தேடாத அமடேயஸ் மூவரின் நினைவுதான் அதிகம் வருகிறது.

அதனால்தான் சனிக்கிழமை வகுப்பில் கிரேடு பாடத்துக்கு அரை மணி, மீதி ஒரு மணி நேரம் நான்கு நான்கு பேராக. இப்போது எடுத்திருப்பது இசையமைப்பாளர் ஹைடனின் ஓப்பஸ் (படைப்பு எண்) 76, மூன்றாவது குவார்டெட்டின் இரண்டாம் பகுதி, பிள்ளைகளுக்காக எளிமையாக்கியது. ஒரே மெட்டு, நம் பல்லவியைப் போல அப்படியே திரும்பத் திரும்ப வரும்; சுற்றிலும் உள்ளது மட்டும் மாறும். முதலில் முதல் வயலின், பிறகு இரண்டாவது வயலின், அப்புறம் செல்லோ, அடுத்து வியோலா. ஒருவர் கையில் மெட்டு இருக்கும்போது மற்றவர்கள் அவருக்கு இடம் விட வேண்டும். இதைக் கற்க எந்தக் கிரேடும் முடித்திருக்க வேண்டியதில்லை.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல நேரமில்லை. "வேலை ஒண்ணா வராதுக்கா, மூணு நாலா சேர்த்துத்தான் வரும். வீட்டுல அவசரப்படுத்தாதீங்க" என்றேன். அப்புறம், அடுத்த வாரம் வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருக்காமல் உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவர் மகன்தான் வியோலா. மெட்டு நான்காவதாக அவனிடம் வரும்.