ரிப்போர்ட்டில் நார்மல், கையில் மட்டும் வலி

மழைத் தண்ணீரில் வண்டி சறுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். வீக்கம் பெரிதாக இல்லை, விரல்களும் அசைந்தன. புத்தூர் கட்டு போட்டால் சரியாகிவிடும் என்றார் அம்மா. நான் ஆர்த்தோ டாக்டரிடம் போனேன்.

கட்டைவிரலை நன்றாக விரிக்கச் சொன்னார் அவர். அப்போது மணிக்கட்டில், விரலின் அடிப்பக்கம், இரண்டு நரம்பு போலப் புடைத்து நடுவே ஒரு குழி விழும். அதில் அழுத்தினார். உயிர் போய் உயிர் வந்தது. மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன, குழிக்குக் கீழே இருப்பது ஸ்காஃபாய்டு, கை ஊன்றி விழுந்தால் இந்த எட்டில் அடிக்கடி உடைவது அதுதான் என்றார். எக்ஸ்ரே சீட்டில் 'ஸ்காஃபாய்டு வியூ' என்று தனியாக எழுதியும் கொடுத்தார்.

எக்ஸ்ரே அறையில் வாட்ச், மோதிரம், காப்பு எல்லாம் கழற்ற வேண்டும். (கர்ப்பமாக இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) மேசையோரம் உட்காரவைத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி கையைக் குப்புற வைத்தார் டெக்னீஷியன். கை கோணலாக இருந்தால் முன்கை எலும்புகள் இரண்டின் நீளமும் படத்தில் மாறித் தெரியுமாம். அடுத்து சுண்டுவிரல் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்து ஒன்று. எலும்பு முன்னாலோ பின்னாலோ விலகியிருந்தால் அதில்தான் பிடிபடும். அப்புறம் சாய்வாக ஒன்று. கடைசியில் மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக வளைக்கச் சொன்னார். ஸ்காஃபாய்டு முழு நீளத்துக்கும் தெரிய இந்த வளைவு வேண்டும். வலித்தது இதற்கு மட்டும்தான். கதிர்வீச்சு பற்றிப் பயப்பட வேண்டாம், மார்பு எக்ஸ்ரேயை விடக் குறைவு.

ரிப்போர்ட்டில் முறிவு எதுவும் இல்லை என்றிருந்தது. டாக்டர் படத்தைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டைவிரலையும் சேர்த்து மாவுக்கட்டு போட்டார். "படம் நார்மல்தானே சார்?" என்று கேட்டேன். விலகாத விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போகலாம், 10 முதல் 14 நாளில் முறிவின் ஓரம் கொஞ்சம் கரையும், அப்போது கோடு தெரியும் என்றார். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்துதான் பின்னோக்கி வருகிறது. நடுவில் உடைந்ததைக் கவனிக்காமல் விட்டால் பின்பாதி ரத்தமில்லாமல் செத்துப்போகலாம், சேராமலும் போகலாம். உடனே தெரிய வேண்டுமென்றால் எம்ஆர்ஐ எடுக்கலாம் என்றார். செலவை நினைத்துக் காத்திருந்தேன்.

கட்டைப் பிரித்து மறுபடி எடுத்த படத்தில், ஸ்காஃபாய்டின் நடுவே ஒடுங்கிய பகுதியில் மெல்லிய கறுப்புக் கோடு. பழைய ஃபிலிமைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. திரும்பவும் கட்டு, பல வாரங்களுக்கு.

எலும்பு கூடிவிட்டதா என்பதையும் எக்ஸ்ரே உறுதியாகச் சொல்லாதாம், அதனால் கடைசியில் ஒரு சிடி ஸ்கேன். கூடியிருந்தது. இப்போது பிசியோதெரபி ஓடுகிறது. தண்டால் எடுக்க மட்டும் டாக்டர் இன்னும் விடவில்லை.