காலில் ஓடு இல்லாத மக்லே குஞ்சுகள், ஒருவழியாக

வென்றுவிட்டேன். இந்த முறை பொரிந்த மக்லே குச்சிப்பூச்சிக் குஞ்சுகளில் ஒன்றுகூடக் காலில் முட்டை ஓட்டை இழுத்துக்கொண்டு வரவில்லை. போன குளிர்காலத்தில் பொரிந்ததில் பாதிக்கு மேல் பின்னங்காலில் ஓடு மாட்டி, கழுத்தில் கட்டை கட்டிய மாடு மாதிரி இழுத்துக்கொண்டு திரிந்தன. அதைப் பார்த்து நொந்துபோனவர்களுக்குத்தான் இந்தத் துள்ளல் புரியும்.

குச்சிப்பூச்சி வளர்ப்பவர்களுக்கு ஓடு விவகாரம் புதிதல்ல. குஞ்சு மூடியைத் தள்ளித் திறந்து தலையை நீட்டும். உடம்பு வெளியே வந்த பிறகும் நீண்ட பின்னங்கால்கள் உள்ளே மடங்கியே இருக்கும். சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு ஈரமாக இருக்கும்வரை கால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். காய்ந்துபோனால் அது பசைதான். இங்கே இங்கிலாந்தில் நவம்பரில் ஹீட்டரைப் போட்டால் மார்ச் வரை நிறுத்த வழியில்லை, வீட்டுக் காற்றில் ஈரப்பசை இருக்காது. மக்லே, அதாவது எக்ஸ்டட்டோசோமா டியாரட்டம், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரைப் பக்கத்துப் பூச்சி. என் வீட்டு ரேடியேட்டரை அதற்குப் பழக்கமில்லை.

ஈரத்தைக் கூட்டினால் போயிற்று என்று எல்லோரும் சொல்வார்கள். கூட்டினால் பூஞ்சணம் வரும். மக்லே முட்டை 5 முதல் 8 மாதம் வரை கிடக்கும். ஆண் சேராமல் இட்ட முட்டையென்றால் இன்னும் இழுக்கும். அத்தனை மாதம் ஈர டிஷ்யூ மேல் கிடந்தால் வெள்ளைப் பஞ்சு படராமல் என்ன செய்யும்? முட்டை நனையக் கூடாது, சுற்றியிருக்கும் காற்று மட்டும் நனைந்திருக்க வேண்டும். சொல்வது சுலபம்.

இப்போது என் பெட்டி இப்படி. பிரியாணி பார்சல் வரும் பிளாஸ்டிக் டப்பா. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கழுவிய ஆற்று மணல், பிழிந்தால் சொட்டாத ஈரம். மணலுக்கு மேலே, அதைத் தொடாமல், ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் இழுத்துக் கட்டிய வலை. முட்டைகள் அந்த வலைமேல். மூடியில் ஊசியால் குத்திய சில துளைகள். டப்பாவின் ஒரு பக்கத்துக்கு அடியில் தீப்பெட்டி ஒன்றைச் செருகிச் சாய்த்து வைத்திருக்கிறேன். இந்தத் தீப்பெட்டியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மூடியில் படியும் நீர் நடுவில் சேர்ந்து முட்டைமேல் சொட்டாமல், சரிவில் ஓடிச் சுவர் வழியாக மணலுக்கு இறங்குவது அதனால்தான். முட்டைமேல் ஒரு சொட்டு நின்றால் போதும், பூஞ்சணம் அங்கிருந்துதான் கிளம்பும்.

வலைக்குத்தான் நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எல்லோருக்கும் ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்பதுதான் பேச்சு. என் கணக்கில் பாதி வெற்றி பிடிமானத்தில் இருக்கிறது. வழவழப்பான தரையில் குஞ்சு எவ்வளவு இழுத்தாலும் ஓடும் கூடவே நகரும். முன்னங்காலுக்கும் பிடி கிடைக்காது. வலையில் அப்படியில்லை. குஞ்சு நூலைக் கவ்விக்கொண்டு முன்னால் ஏறும், ஓடு கண்ணியில் இடறி நிற்கும், கால் உருவிக்கொண்டு வந்துவிடும். ஒரு விடிகாலை டார்ச் அடித்து முழுசாகப் பார்த்தேன். ஐந்து கால் வெளியே வந்து, ஆறாவது மட்டும் உள்ளே. குஞ்சு உடம்பை வில்லாக வளைத்து ஒரு எக்கு எக்கியது. ஓடு வலையிலேயே நின்றுவிட்டது, குஞ்சு டப்பாவின் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

கண்ணி ரொம்பப் பெரிதாக இருந்தால் குஞ்சு நழுவி ஈர மணலில் விழும், ரொம்பச் சின்னதாக இருந்தால் நீர் தேங்கும். கடைசியில் செட் ஆனது பழைய கொசுவலைத் துண்டு. கடையில் பூச்சிக்கூண்டுக்கென்று விற்கும் வலை விலையும் அதிகம், விறைப்பும் அதிகம்.

பூஞ்சணத்துக்கு இன்னொரு காவல், மணலில் விட்டிருக்கும் ஸ்பிரிங்டெயில்கள், பூஞ்சணத்தைத் தின்னும் துளித்துளிப் பூச்சிகள். விஷத்தவளை வளர்ப்பவர்களிடம் கொஞ்சம் கேட்டு வாங்கினால் போதும். ஈரமான கரித்துண்டுகள் போட்ட டப்பாவில் நாலு அரிசி போட்டு வைத்தால் பெருகிக்கொண்டே இருக்கும். நானும் காசு கொடுத்து வாங்குவதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று.

இவ்வளவு செய்தும் ஓடு மாட்டினால், தயவுசெய்து இடுக்கியைத் தேடாதீர்கள். தண்ணீரில் தோய்த்த மெல்லிய தூரிகையால் ஓட்டின் வாயை நனைத்துவிட்டுக் காத்திருங்கள். அவசரப்பட்டு இழுத்தால் குஞ்சு காலையே கழற்றி விட்டுவிடும். குச்சிப்பூச்சிக்கு அது பெரிய நஷ்டமில்லை, அடுத்தடுத்த தோலுரிப்புகளில் கால் மறுபடி முளைக்கும். ஆனால் இரண்டு கால் போன குஞ்சு தலைகீழாகத் தொங்கித் தோலுரிக்கத் திணறும். விழுந்தால் கதை முடிந்தது.

வெளியே வந்த மக்லே குஞ்சு முதல் சில நாள் பைத்தியம் பிடித்தது போல ஓடும். கறுத்த உடம்பு, செம்பழுப்புத் தலை, வாலை மேலே சுருட்டிக்கொண்டு ஒரே ஓட்டம். ஆஸ்திரேலியாவில் இந்த முட்டையின் மூடியிலிருக்கும் குமிழுக்கு ஆசைப்பட்டு எறும்புகள் அதைப் புற்றுக்குத் தூக்கிப்போகும். குமிழைத் தின்றுவிட்டு முட்டையை விட்டுவிடும். குஞ்சு புற்றுக்குள் பொரிந்து, எறும்பு வேஷத்திலேயே வெளியேறி மரத்தைத் தேடும். அந்த ஓட்டம்தான் என் வீட்டு டப்பாவிலும் நடக்கிறது. அப்போது சாப்பிடவில்லையே என்று பதற வேண்டாம். கூண்டின் உச்சியில் பிராம்பிள் (காட்டு பிளாக்பெர்ரி முட்செடி) இலை வைத்து, மாலையில் லேசாகத் தெளித்தால் தண்ணீராவது குடிக்கும். இலையின் முள் விளிம்பைக் கத்திரியால் நறுக்கிவிடுங்கள், சின்ன வாய்க்கு வெட்டிய விளிம்பு தோதாக இருக்கும். இலை செருகிய தண்ணீர் பாட்டிலின் வாயைப் பஞ்சால் அடைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் குஞ்சு உள்ளே விழுந்து மூழ்கிவிடும்.

முட்டை விற்பவர்களைப் பற்றி ஒரு புலம்பல். இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய முட்டைகள் சாதாரணக் காகித உறையில் வந்தன. தபால் இயந்திரத்தில் நசுங்கி, பாதி மாவாகிவிட்டது. ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அனுப்ப என்ன செலவாகிவிடும்? இந்த முறை பொரிந்தவை பூச்சி ஆர்வலர்கள் சங்கமான அமெச்சூர் எண்டமாலஜிஸ்ட்ஸ் சொசைட்டியின் அக்டோபர் கண்காட்சியில், லண்டன் பக்கத்துக் கெம்ப்டன் பார்க் குதிரைப் பந்தய மைதானத்தில் வாங்கியவை. நேரில் பார்த்து, முட்டை இட்ட தேதியைக் கேட்டு வாங்கலாம். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் நல்ல சரக்கு தீர்ந்துவிடும்.

மக்லேயோடு இவ்வளவு மல்லுக்கட்டும்போது, பக்கத்துக் கூண்டு 'இந்தியன்' பூச்சிகள் என்னை மதிப்பதே இல்லை. கராசியஸ் மோரோசஸ். இங்கே பள்ளிக்கூட வகுப்பறைகளில் வளர்க்கும் சாதாரணப் பூச்சி, குச்சிப்பூச்சிக்காரர்களின் பட்டியலில் முதல் எண். ஆண் தேவையில்லை, ஒன்று இருந்தால் போதும், தினம் சில முட்டைகளைத் தரையில் உதிர்த்துக்கொண்டே இருக்கும். தூசி மாதிரிக் கூட்டித் தள்ளினாலும் பொரிகிறது. இந்த உலகம் சுற்றும் பூச்சியின் பூர்வீகம் கொடைக்கானல் பக்கம் செண்பகனூர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது, 1901-இல் சினெட்டி என்ற பிரெஞ்சு யேசு சபைக்காரர் அதற்குப் பெயர் வைத்தார். வத்தலக்குண்டிலிருக்கும் அத்தையிடம் போனில் இதைச் சொன்னேன். "ஏப்பா, நம்ம மலைப் பூச்சியவா அங்க காசு குடுத்து வாங்கி, ஹீட்டர் போட்டு வளக்குற?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

உபரி முட்டைகளைத் தோட்டத்தில் கொட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். நியூசிலாந்துக் குச்சிப்பூச்சிகள் செடிகளோடு வந்து இங்கே தென்மேற்கிலிருக்கும் சில்லித் தீவுகளிலும் கார்ன்வாலிலும் குடியேறி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. என் உபரியெல்லாம் ஃப்ரீசரில் இரண்டு நாள் இருந்துவிட்டுக் குப்பைக்குப் போகும். பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று எழுதி ஒட்டிவைக்கச் சொல்லி வீட்டில் உத்தரவு.

மக்லே குஞ்சுகளின் முதல் தோலுரிப்பு இன்னும் முடியவில்லை. அதற்குள் அடுத்த கூண்டுக்கு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். குறி மலேசியாவின் ஹெட்டரோப்டெரிக்ஸ் டிலடாட்டா என்ற குச்சிப்பூச்சி மேல். பச்சைப் பெண் பூச்சி, பின்னங்கால் முள்ளால் உதைத்தால் ரத்தம் வரும், முட்டைக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் பொறுமை வேண்டும். அது முட்டையை மண்ணுக்குள் புதைக்கிற ஜாதி, அங்கே என் கொசுவலை வித்தை செல்லுமா என்று சந்தேகமாக இருக்கிறது. தோண்டி எடுத்து வலைமேல் பாதி, மண்ணுக்குள்ளேயே விட்டுப் பாதி என்று பிரித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். முதலில் ஆழமான மண் தொட்டி ஒன்று வாங்க வேண்டும், அதற்கு முன் வீட்டில் அனுமதி.