காட் மீன் கைவிட்ட மரபணுக்கள்

நோய் எதிர்ப்பில் பங்குகொள்ளும் எம்.எச்.சி. இரண்டாம் வகை (எம்.எச்.சி. 2) மரபணுக்களைப் பற்றிப் பாடம் எடுக்கும் நாளில், வழக்கமான படத்தைப் பலகையில் வரைவதற்கு முன்பே காட் மீனை இழுத்துவிடுவேன். மாணவர்கள் கொஞ்சம் குழம்பட்டும் என்றுதான்.

பாடம் சொல்வது இது: உடலுக்குள் நுழைந்த பாக்டீரியாவின் துண்டை எம்.எச்.சி. 2 ஏந்திக் காட்டும். சிடி4 என்ற புரதத்தைத் தாங்கிய உதவி டி செல் என்னும் வெள்ளணு அதை அடையாளம் கண்டு, எதிர்ப்பொருளைச் சுரக்கும்படி பி செல் என்னும் இன்னொரு வெள்ளணுவை முடுக்கிவிடும். இந்த எம்.எச்.சி. 2 பிறவியிலேயே இயங்காத குழந்தைகளை அடுத்தடுத்துத் தொற்றுகள் வாட்டி எடுக்கும்.

2011இல் அட்லாண்டிக் காட் மீனின் மரபணுத்தொகுதி வெளியானது. அதில் எம்.எச்.சி. 2 இல்லை. அதற்குத் துணைபோகும் இன்வேரியன்ட் சங்கிலி என்ற புரதத்துக்கான மரபணுவும் இல்லை. சிடி4 இருந்தும் செயல்படும் நிலையில் இல்லை. மீனோ கடலில் கூட்டம் கூட்டமாகத் திரிகிறது! செல்லுக்குள்ளேயே இருக்கும் புரதங்களின் துண்டுகளைக் காட்டும் எம்.எச்.சி. முதல் வகை மரபணுக்கள் மட்டும் நூறு பிரதிகள் அளவுக்குப் பெருகிக் கிடந்தன. இதைவிட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. தடுப்பூசி போட்ட காட் மீனின் ரத்தத்தில் குறிப்பான எதிர்ப்பொருள் பெரிதாக உயர்வதில்லை. ஆனாலும் விப்ரியோ கிருமியிடமிருந்து அது தப்பித்துக்கொள்கிறது. எப்படி என்று கேட்கும் மாணவருக்கு அன்றைக்கு என் முழு கவனமும் கிடைக்கும்.

இது காட் மீனோடு நிற்கவில்லை. 2016இல் அறுபதுக்கும் மேற்பட்ட மீனினங்களின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டபோது, காட் வரிசை முழுவதற்குமான மூதாதையே ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் எம்.எச்.சி. 2வைத் தொலைத்துவிட்டது தெரிந்தது.

ஆழ்கடல் ஆங்லர் மீன்கள் இன்னும் துணிச்சல்காரர்கள். சில இனங்களில் சிறிய ஆண், பெண்ணின் உடலைக் கடித்துப் பற்றி, தோலும் ரத்த ஓட்டமும் ஒன்றாகும்படி நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. நம் உடலில் இப்படி அந்நியத் திசு ஒட்டினால் டி செல்கள் சும்மா விடாது. 2020இல் வெளியான ஆய்வு காரணத்தைக் காட்டியது: தற்காலிகமாக ஒட்டும் இனங்களிலேயே எதிர்ப்பொருளைக் கூர்தீட்டும் மரபணு பழுதாகியிருக்கிறது, பல ஆண்களை நிரந்தரமாகச் சுமக்கும் இனத்தில் ராக் மரபணுக்களே போய்விட்டன. ராக் இல்லையென்றால் டி செல் ஏற்பியும் இல்லை, எதிர்ப்பொருளும் இல்லை.

மரபணுக்கள் போனதால் ஒட்ட முடிந்ததா, ஒட்டத் தொடங்கியதால் அவை போயினவா? மாணவர்கள் இங்கே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். எதிர்ப்பு முதலில் தளர்ந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. முழு வலிமையோடு இருந்த உடலில் முதல் ஆண் எப்படித் தாக்குப்பிடித்திருக்கும்?