சளி டப்பாவும் மூன்று வருடக் காத்திருப்பும்

டிபி தடுப்பூசி ஆய்வு என்றால் வெள்ளைக் கோட்டும் மைக்ராஸ்கோப்பும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு மாடிப்படிகள்தான். 2019-ல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தொடங்கிய மூன்றாம் கட்ட ஆய்வில் களப்பணியாளராக இருந்தேன். டிபி நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கும் ஆரோக்கியமானவர்கள், ஆறு மாநிலங்களில் சுமார் 12,000 பேர். ஒரு பிரிவுக்கு விபிஎம்1002 தடுப்பூசி, இன்னொன்றுக்கு இம்யூவாக் தடுப்பூசி, மூன்றாவதுக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்பது எங்களுக்கும் தெரியாது.

ஜனங்கள் விடுவார்களா? விபிஎம்1002 என்பது பிசிஜி என்ற பழைய டிபி தடுப்பூசியின் மரபணுவை மாற்றிச் செய்தது, போட்ட இடத்தில் புண் வரலாம். பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பார்த்துவிட்டு, "ஏங்க்கா, எனக்கு மட்டும் தண்ணி ஊசியா?" என்பார்கள். தெரியாது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

பிறந்ததும் போட்ட பிசிஜி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்றும் கேட்பார்கள். பதில் நம்ம ஊரிலேயே இருக்கிறது. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரிய பிசிஜி ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் டிபி மூளைக்காய்ச்சல் மாதிரியான கடுமையான வகைகளுக்குத்தான் பிசிஜி நன்றாக உதவுகிறது. இதைச் சொல்லிவிட்டு, "அப்போ இதுவும் தடுக்காதா?" என்ற அடுத்த கேள்விக்கு நிற்க வேண்டும். அதைத்தான் பார்க்கிறோம் என்பதே அப்போதைய நேர்மையான பதில், கேட்பவருக்குத் திருப்தி தராத பதிலும் அதுதான்.

ஊசி சீக்கிரம் முடிந்துவிடும். அதன் பிறகு வருடக்கணக்கில் இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால், பரிசோதனைக்குச் சளி எடுத்துத் தர ஒரு டப்பா கொடுப்போம். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுக்கச் சொல்வோம், எச்சிலைத் துப்பித் தருவார்கள், லேபிலிருந்து திருப்பி அனுப்புவார்கள்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. யாருக்கும் நோய் வரக் கூடாது என்றுதான் நினைப்போம், ஆனால் விடையே நோய் வந்தவர்களிடமிருந்துதான் கிடைக்கும். எம்72 என்ற இன்னொரு டிபி தடுப்பூசியின் இரண்டாம் கட்ட ஆய்வு தென்னாப்பிரிக்கா, கென்யா, சாம்பியாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்தது. மூன்று வருட முடிவில் தடுப்பூசி போட்டவர்களில் 13 பேருக்கும் போடாதவர்களில் 26 பேருக்கும் நோய். பாதிக்குப் பாதி பாதுகாப்பு என்று உலகமே பேசியது அந்த 39 பேரை வைத்துத்தான். அதில் ஐந்தாறு பேர் விட்டுப்போயிருந்தாலும் கணக்கு மாறியிருக்கும்.

விட்டுப்போகக் காரணங்களுக்கா பஞ்சம்? வாடகை வீட்டை மாற்றுவார்கள், போன் நம்பரை மாற்றுவார்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் டப்பாவை வாங்கவே மாட்டார்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்கு அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவேன். டப்பாவையும் கறுப்பு கவரில் சுற்றித்தான் கொடுப்பேன்.