கரடி கவிழ்த்த தொட்டி

அக்டோபர் 12, கோத்தகிரி

தெருமுனைக் குப்பைத்தொட்டியை ராத்திரி மறுபடியும் கரடி கவிழ்த்திருக்கிறது. வாழைப்பழத் தோல், ஊசிப்போன சாம்பார், பால் கவர் எல்லாம் கீழே தேயிலைச் செடி வரைக்கும் சிதறிக் கிடந்தன. அதில் ஒரு பை எங்கள் வீட்டுடையது, உள்ளே இருந்த மருந்துக்கடைச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. விளக்கு எண்ணெய்க்காகக் கரடி கோவிலுக்குள் புகுவது இந்தப் பக்கம் கேட்டுப் பழகிய சேதிதான், ஆனால் நான் கட்டிப் போட்ட பையைத் தேடி அது ஊருக்குள் வருகிறது என்றால் மனசு கேட்கவில்லை. இனிமேல் சமையலறைக் கழிவு எதுவும் அந்தத் தொட்டிக்குப் போகாது.

அக்டோபர் 15

கழிவை மக்க வைத்து எருவாக்கத் தோட்டத்தில் குழி வெட்டலாம் என்றேன். "குழின்னா காட்டுப்பன்னி ஒரே ராத்திரில கிளறிடும்மா, டிரம்ல போடு" என்றார் அத்தை. சரி என்று பழைய நீல டிரம்மில் அடியிலும் பக்கத்திலும் துளை போட்டு, மூடிக்குக் கொக்கி வைத்தாயிற்று. காய்கறித் தோல், டீத்தூள் சக்கை, முட்டை ஓடு மட்டும்தான் உள்ளே போகும். மீன், கறி, எண்ணெய்ப் பலகாரம் கூடாது, வாசனை வெளியே போனால் கரடியும் வரும்.

நவம்பர் 9

ஐப்பசி மழை விடவே இல்லை. இன்று மூடியைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம், மேலெல்லாம் புழு. தப்பு என்னுடையதுதான், ஈரக் கழிவை மட்டுமே கொட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். காற்றுப் போக வழியில்லாவிட்டால் எதுவும் மக்காது, அழுகத்தான் செய்யும். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டி, ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு சருகு சேர்த்துக் கிளறினேன். இங்கே சருகு என்றால் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் இலைதான், தோல் மாதிரி தடிப்பு, கையால் நொறுக்கிப் போட்டால்தான் மக்கும். ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், மாடு வைத்திருக்கும் அக்கா ஒரு வாளி சாணி தந்து, "உருண்டையாப் போடாதீங்க, கரைச்சுத் தெளிங்க" என்றார்.

நவம்பர் 20

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, பால் பாக்கெட் மாதிரி சிலவற்றுக்கு விலக்கு. அதனால் வீட்டுக்கு வருவதில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் பால் கவர்தான். மூலையைத் துண்டாக வெட்டி எடுக்காமல் ஓரத்தில் கீறிவிட்டு, கழுவிக் கொடியில் காயப்போட்டுப் பழைய சாமான் கடைக்குக் கொடுக்கிறோம். அந்தச் சின்னத் துண்டுதான் எப்போதும் ஓடைக்குப் போய்ச் சேரும்.

டிசம்பர் 14

குளிரில் எல்லாம் நின்றுபோயிருக்கும் என்று பயந்தேன். இரும்புக் கம்பியை டிரம்மின் நடுவரைக்கும் குத்தி, ஐந்து நிமிடம் கழித்து உருவினேன். நுனி சூடாக இருந்தது! கிளறினதும் ஆவி முகத்தில் அடித்தது, இட்லிப் பானை திறந்த மாதிரி. நாற்றம் போய் மழை பெய்த மண் வாசனை வருகிறது. டிரம்மின் ஒரு பக்கம் நாலைந்து நகக் கீறல், நீளமாக. கொக்கி மட்டும் அசையவில்லை.

ஜனவரி 18

பள்ளத்தில் உறைபனி, புல்லெல்லாம் வெள்ளை. டிரம்மின் அடிப்பக்க எருவைச் சலித்தேன், ஒரு கூடை தேறியது, கறுப்பாக, கையில் ஒட்டாமல். அத்தை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு நேராகப் பூண்டுப் பாத்திக்குக் கொண்டுபோய்விட்டார். சல்லடையில் நின்றது பாதி மக்கிய சில்வர் ஓக் இலை, நரம்பு மட்டும் மிச்சம். அதைத் திரும்ப டிரம்முக்கே போட்டேன். டிரம் கழுத்து வரை நிறைந்துவிட்டது, மதியம் இரண்டாவது டிரம்முக்குத் துளை போட வேண்டும்.