மஞ்சள் பல்பு

ஜூன் 3
ஸ்கிரீன் பிரிண்டிங் பெட்டி வந்துவிட்டது, வலை வழியாக மையைத் தள்ளி அச்சடிக்க. ஏ4 அளவில் வலை கட்டிய ஒரு சட்டகம், மையை இழுக்கக் கைக்கு அடக்கமான ஸ்குவீஜி, வலையில் பூச வெளிச்சத்தில் இறுகும் எமல்ஷன், கறுப்பு மை. வலை 43டி, சென்டிமீட்டருக்கு 43 இழை. துணிக்கு இது சரி. அக்காவின் பழைய நோட்டிலிருந்து குருவியை ட்ரேஸ் எடுத்தேன். வாலில் ஒரு கோடு மயிரிழை. அதுதான் பயம்.

ஜூன் 4
அத்தானிடமிருந்து போன் இல்லை.

ஜூன் 5
எமல்ஷன் பூசிய சட்டகம் அலமாரிக்குள் படுத்திருக்கிறது. அறையில் மஞ்சள் பல்பு மட்டும். ராத்திரி இரண்டு தடவை எழுந்து கதவிடுக்கில் வெளிச்சம் போகிறதா என்று பார்த்தேன். எப்படியும் தூக்கம் வரப்போவதில்லை.

ஜூன் 6
எல்லாம் போச்சு. வெளிச்சம் பட்ட இடம் இறுகி நிற்க வேண்டும், ட்ரேஸின் கறுப்புக் கோட்டுக்கு அடியில் இருந்தது மட்டும் தண்ணீரில் கரைய வேண்டும். எனக்கு மொத்தமும் கொழகொழவென்று வழிந்தது. கையேட்டில் ஏழு நிமிடம் என்று போட்டிருக்கிறான். எந்த விளக்கு, எவ்வளவு உயரம்? அதையும் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஜூன் 8
மறுபடி பூசி, விளக்கை மறைக்கும் அட்டையை இரண்டிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நகர்த்தி, எத்தனை நிமிட வெளிச்சம் சரி என்று பார்த்தேன். எட்டில் ஓரம் கரைந்தது. பன்னிரண்டில் வால் கோடு நின்றது. பதினாலில் கோடு திறக்கவே இல்லை. ஆக, பன்னிரண்டு. இனி இதையும் சுரண்டிக் கழுவிவிட்டு முதலிலிருந்து.
ஜப்பானில் 1977-ல் ரிசோ கம்பெனி கொண்டுவந்த பிரிண்ட் கொக்கோ என்ற சின்ன அச்சுப்பெட்டியில் ஃபிளாஷ் பல்பு ஒரு மின்னு மின்னினால் ஸ்டென்சில் தயாராம். என்னைப் போன்ற அவசரக்குடுக்கைகளுக்கென்றே செய்திருப்பார்கள்.

ஜூன் 9
போன் வந்தது. "பார்க்கலாம்னு சொல்றாங்க" என்றார் அத்தான். எதைப் பார்க்கலாம்?

ஜூன் 10
காகிதத்தில் முதல் குருவி. கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. வலையை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை ஓட்டை. டேப் ஒட்டினேன்.

ஜூன் 11
துணியில் வந்துவிட்டது! வால் கோடும். ஒவ்வொரு தடவை இழுத்ததும் வலை மேல் மையை லேசாகப் பரப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து அடைத்துக்கொள்ளும். காய்ந்த பிறகு இஸ்திரி போட வேண்டும், சூட்டில்தான் மை பிடிக்கும். நாளைக்கு இன்னும் ஐந்து.

ஜூன் 12
மூன்றாவது துணியில் ஸ்குவீஜி பாதியில் நிற்கும்போது போன். இப்போதுதான் அந்த அறைக்குள் போனேன். வலை முழுக்கக் கெட்டியாகிவிட்டது, வால் கோடு சுத்தமாக அடைத்துவிட்டது. விடியற்காலை கிளம்ப வேண்டும். நேற்று அச்சான துணியைப் பையில் வைத்தேன். இஸ்திரி போடவில்லை. துவைத்துவிடாதே என்று அக்காவிடம்