ஸ்டாப்வாட்சுக்குப் பிடிபடாத ஜெர்ரி ரைஸ்

கல்லூரி ஆட்டத்தை முடித்துவிட்டுத் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்துக்குள் நுழைய வரும் வைட் ரிசீவரை, அதாவது வீசப்படும் பந்தைப் பிடித்து ஓடும் வீரரை, முதலில் அளப்பது நாற்பது கஜ ஓட்டம்தான். ஏறக்குறைய முப்பத்தாறரை மீட்டர் தூரம். ஓடுபாதையின் ஓரத்தில் அணிகளின் தேர்வாளர்கள் ஸ்டாப்வாட்சோடு நிற்பார்கள். வினாடியில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அந்த இளைஞரின் மதிப்பு மாறிவிடும். 1985-ஆம் ஆண்டு அந்தக் கணக்கின்படி ஜெர்ரி ரைஸ் வேகம் போதாதவர் என்று பலர் முடிவு கட்டினார்கள். அவரோ அதன்பின் இருபது பருவங்கள் ஆடி, 1,549 பந்துகளைப் பிடித்து, 22,895 கஜங்களைக் கடந்தார். ஒருவர் ஆண்டுக்கு ஆயிரம் கஜம் வீதம் இருபத்திரண்டு ஆண்டுகள் தவறாமல் ஆடினாலும் அந்த எண்ணைத் தொட முடியாது. ஆயிரம் கஜம் என்பதே ஒரு ரிசீவருக்கு நல்ல பருவம் என்று கருதப்படும் அளவு என்பதை நினைத்தால், அன்று அந்தக் கடிகாரம் எதை அளக்கத் தவறியது என்ற கேள்வி பல ஆண்டுகளாக என்னை விடாமல் தொடர்கிறது.

ரைஸ் பிறந்தது 1962 அக்டோபர் 13 அன்று, மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டார்க்வில் நகரில். வளர்ந்தது அருகிலுள்ள கிராஃபர்டு என்ற சிற்றூரில். எட்டுப் பிள்ளைகள் கொண்ட குடும்பம். தந்தை கொத்தனார். கோடை விடுமுறைகளில் பிள்ளைகளும் அவரோடு வேலைக்குப் போவார்கள். கீழிருந்து சகோதரர்கள் வீசும் செங்கற்களைச் சாரத்தின்மேல் நின்று பிடித்து அடுக்குவது ஜெர்ரியின் வேலை. இந்தச் செங்கல் கதையை ரைஸைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அவருடைய கைகள் அங்கேதான் பழகின என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வேலையின் ஒழுங்கு. கொத்தனாரின் மகனுக்கு வெயில் ஏறியதும் வேலையை நிறுத்தும் உரிமை கிடையாது. நூறாவது செங்கல்லையும் முதல் செங்கல்லைப் போலவே கவனித்துப் பிடித்தாக வேண்டும்.

அவர் பள்ளியின் கால்பந்து அணிக்குள் வந்ததும் ஓட்டத்தால்தான். வகுப்பைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டிருந்த பையன் துணைத் தலைமையாசிரியரைக் கண்டதும் பிடித்த ஓட்டத்தைப் பார்த்து, தண்டனை கொடுத்த கையோடு அவர் அவனைப் பயிற்சியாளரிடமும் அனுப்பிவைத்தார். பெரிய பல்கலைக்கழகங்கள் எதுவும் அந்தச் சிற்றூரை எட்டிப் பார்க்கவில்லை. கறுப்பின மாணவர்களுக்காக உருவான மிசிசிப்பி வேலி மாநிலப் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி, பந்தை வீசும் குவாட்டர்பேக் வில்லி டாட்டன், ரைஸ் ஆகிய மூவரும் சேர்ந்து ஆடிய ஆட்டம் அக்காலத்து வழக்கங்களை எல்லாம் மீறியது. களத்தில் கூடி ஆலோசிக்காமல் அடுத்தடுத்துப் பந்தை வீசிக்கொண்டே இருப்பார்கள். 1984-ஆம் பருவத்தில் அந்த அணி ஆட்டத்துக்கு ஏறத்தாழ அறுபது புள்ளிகள் எடுத்தது. ரைஸ் மட்டும் 27 டச் டவுன்களுக்கு, அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பதற்கு, பந்து பிடித்தார். இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் மைதானம் ரைஸ், டாட்டன் இருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது.

அந்த அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பில் வால்ஷ் மறுநாள் ஆட்டத்துக்காக ஹியூஸ்டன் நகர விடுதி ஒன்றில் தங்கியிருந்தார். இரவு தொலைக்காட்சியில் மிசிசிப்பி வேலியின் ஆட்டக் காட்சிகள் ஓடின. வால்ஷின் கண்ணில் பட்டது பந்தைப் பிடித்த பிறகு ஒருவராலும் எட்டிப் பிடிக்க முடியாத ஓட்டம். அடுத்த ஆண்டு, அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் வீரர் தேர்வில், நடப்புச் சாம்பியன் என்பதால் கடைசி இடத்தில் இருந்த தம் அணியை, வேறு தேர்வு உரிமைகளையும் விட்டுக்கொடுத்து நியூ இங்கிலாந்து அணியின் 16-ஆவது இடத்துக்கு முன்னேற்றி ரைஸை எடுத்தார். அதற்கு முன்பே இரண்டு வைட் ரிசீவர்கள் தேர்வாகியிருந்தார்கள்: பத்தாவது இடத்தில் அல் டூன், பதின்மூன்றாவது இடத்தில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி எடுத்த எடி பிரவுன். சின்சினாட்டியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

முதல் பருவம் கடினமாக இருந்தது. கைக்கு வந்த பந்துகளை ரைஸ் நழுவவிட்டார். சொந்த மைதானமான கேண்டில்ஸ்டிக் பார்க்கிலேயே ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். வால்ஷின் ஆட்டமுறை நேரக் கணக்கில் நிற்பது. குவாட்டர்பேக் மூன்று அல்லது ஐந்து காலடி பின்வாங்கியதும் பந்து கையைவிட்டுப் போய்விடும். ரிசீவர் திரும்பும் வரை அவர் காத்திருப்பதில்லை, ரிசீவர் வந்து சேரவேண்டிய இடத்தைக் குறிவைத்து வீசிவிடுவார். அந்த ஒழுங்கு உடம்பில் ஊறும் வரை, அடுத்து வைக்கவேண்டிய அடியை நினைக்கும் மனத்துக்குப் பந்தைப் பார்க்க நேரம் இருக்காது என்பது என் கணிப்பு. டிசம்பர் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அது ஊறிவிட்டது. அணி தோற்றது, ரைஸ் 241 கஜம் எடுத்தார். அதன்பின் கூச்சல் எழவில்லை.

அவருடைய பழைய ஆட்டங்களைப் பார்க்கும்போது நான் பந்தை விட்டுவிட்டு அவர் கால்களையே பார்ப்பேன். ரிசீவர் ஓடும் பாதையை ரூட் என்பார்கள். ரைஸுக்குப் பேர்பெற்றுத் தந்தது ஸ்லாண்ட் ரூட்: சில அடிகள் நேராக ஓடி, சட்டென்று களத்தின் உட்பக்கம் சாய்வாக வெட்டித் திரும்புவது. பள்ளிப் பையனுக்கும் முதலில் சொல்லித்தரும் ரூட்தான். ஆனால் பெரும்பாலான ரிசீவர்கள் திரும்பும் முன் சற்றே வேகத்தைக் குறைப்பார்கள், தோள் நிமிரும், கால்கள் தடதடக்கும். எதிரே நின்று ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக்குக்கு அந்த அறிகுறி போதும். ரைஸிடம் அது இல்லை. அவருடைய எல்லா ரூட்களின் முதல் அடிகளும் ஒன்றுபோலவே இருக்கும். முழு வேகத்தில் வந்தவர் அதே வேகத்தில் திரும்புவார், பந்தும் அதே நொடியில் வந்து சேரும், பிடித்த கையோடு ஓட்டமும் தொடரும். பத்துக் கஜ வீச்சு அறுபது கஜமாக நீள்வது இப்படித்தான். நேர்கோட்டில் அவரைவிட வேகமாக ஓடியவர்கள் ஏராளம். திரும்பும்போது வேகத்தை இழக்காதவர்கள் மிகச் சிலர். நாற்பது கஜ ஓட்டத்தில் திருப்பமே கிடையாது.

இது தற்செயலாக வந்ததல்ல. பயிற்சியின்போது பிடித்த ஒவ்வொரு பந்தையும், அது ஐந்து கஜப் பந்தானாலும், எல்லைக்கோடு வரை முழு வேகத்தில் ஓடிச் சேர்ப்பது அவர் வழக்கம். பருவம் இல்லாத மாதங்களில் அவர் காலையில் ஓடி ஏறிய மலைப்பாதை, நான் குடியிருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ தீபகற்பப் பகுதியில் சான் கார்லோஸுக்கு அருகே எட்ஜ்வுட் பூங்காவில் இருக்கிறது. சக வீரர் ரோஜர் கிரெய்க் அவருக்கு அறிமுகப்படுத்திய பாதை; சுமார் இரண்டரை மைல், பெரும்பாலும் ஏற்றம். சென்ற வசந்தத்தில் அங்கே நடந்து ஏறினேன். புல்வெளி முழுக்கக் காட்டுப் பூக்கள் பூத்திருந்தன. எனக்கு அவற்றைப் பார்க்க மூச்சு மிஞ்சவில்லை. நடந்தே ஏறியவனுக்கு இப்படி என்றால், இதை ஓடி ஏறிவிட்டு அதே நாளில் பளுப் பயிற்சியும் செய்தவரைப் பற்றி என்ன சொல்வது! ஆட்டத்தின் கடைசிக் கால்மணி நேரத்தில் எதிரணிக்காரரின் கால்கள் கனக்கும்போது ரைஸின் கால்கள் ஏன் கனக்கவில்லை என்பது அந்தச் சரிவில் நின்றபோது எனக்கு உடம்பாலேயே விளங்கியது.

1987-ஆம் பருவத்தில் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் அவர் ஆடியது 12 ஆட்டங்கள் மட்டுமே; பிடித்த டச் டவுன்கள் 22. இருபது ஆண்டுகள் கழித்து ராண்டி மாஸ் 23 எடுத்து அதைக் கடந்தார், ஆனால் 16 ஆட்டங்களில். 1989 ஜனவரி 22 அன்று மயாமியில் நடந்த, சாம்பியனைத் தீர்மானிக்கும் சூப்பர் பௌல் ஆட்டத்தில் எதிரே நின்றது சின்சினாட்டி, எடி பிரவுனைத் தேர்ந்தெடுத்த அதே அணி. கணுக்கால் காயத்தோடு இறங்கிய ரைஸ் 11 பந்துகளைப் பிடித்து 215 கஜம் எடுத்து, ஆட்டநாயகனாகத் தேர்வானார். மூன்று நிமிடம் பத்து வினாடி மிச்சமிருக்க, மூன்று புள்ளி பின்தங்கிய நிலையில், குவாட்டர்பேக் ஜோ மொன்டானா தம் எட்டாவது கஜக் கோட்டிலிருந்து அணியை நகர்த்தத் தொடங்கினார். இடையில் பந்தைத் தக்கவைக்க இருபது கஜம் தேவைப்பட்ட நேரத்தில் ரைஸ் களத்தின் நடுவே பிடித்த 27 கஜப் பந்துதான் அந்த நகர்வுக்கு உயிர் கொடுத்தது. வெற்றி தந்த டச் டவுன் ரைஸுடையதல்ல. அவர் பக்கவாட்டில் ஓடித் தற்காப்பாளர்களின் பார்வையை இழுத்துக்கொள்ள, ஜான் டெய்லர் பந்தைப் பிடித்தார். அந்தக் கடைசி ஓட்டத்தை நான் மற்ற 215 கஜத்துக்கும் குறையாமல் மதிக்கிறேன்.

அடுத்தடுத்த சாதனைகளை வரிசைப்படுத்த இந்தப் பதிவில் இடம் போதாது. 1994 செப்டம்பர் 5 இரவில் மூன்று டச் டவுன்களோடு ஜிம் பிரவுன் வாழ்நாள் முழுதும் எடுத்த 126 டச் டவுன்கள் என்ற சாதனையைக் கடந்தார். மறு பருவத்தில் 1,848 கஜம் எடுத்தார். 1997-இல் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. டிசம்பரிலேயே திரும்பி வந்து, ஒரு டச் டவுனைப் பிடித்து விழுந்தபோது முழங்கால் சில்லு உடைந்தது. அவசரப்பட்டார் என்றே நினைக்கிறேன். ஆனாலும் மறு ஆண்டு 82 பந்துகளைப் பிடித்தார்.

பின்னர் மாறிய ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியில், நாற்பது வயதை எட்டிய 2002-ஆம் பருவத்தில், 92 பந்துகளில் 1,211 கஜம் எடுத்ததே எனக்கு எல்லாவற்றிலும் வியப்பானது. அந்த வயதில் வெறும் கால்வேகத்தை நம்பியிருந்த ரிசீவரிடம் ஒன்றும் மிஞ்சியிராது. ரைஸின் திருப்பங்களோ அப்போதும் பழையபடியே கூர்மையாக இருந்தன.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கையுறையில் சிறிது ஒட்டுபசை தெளித்துக்கொண்டதுண்டு என்று 2015-இல் அவரே பேசியிருக்கிறார். அத்தகைய பசை 1981 முதலே தடைசெய்யப்பட்டது. அந்தக் காலத்தில் எல்லோரும் செய்தார்கள் என்ற அவர் விளக்கத்தை நான் ஏற்கவில்லை, அது தவறு. அவரை நேசிக்கும் எனக்கு அதை வாசித்த நாள் வருத்தமாகவே இருந்தது. ஆயினும் பசை கால்களுக்கு உதவுவதில்லை.

2010-இல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது, தோற்றுவிடுவோமோ என்ற பயமே தம்மை ஓடவைத்தது என்றும், ஆடிய ஆண்டுகளை நின்று அனுபவிக்காமல் போனதே தம் ஒரே வருத்தம் என்றும் ரைஸ் பேசினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, ஃபார்ட்டிநைனர்ஸ் வீரராகவே விடைபெறுவதற்காக அவர் கையெழுத்திட்ட ஒருநாள் ஒப்பந்தத்தில் இருந்த தொகை 1,985,806.49 டாலர். தேர்வான ஆண்டு 1985, சட்டை எண் 80, விடைபெற்ற ஆண்டு 06, அணியின் பெயரிலுள்ள 49. பணம் எதுவும் கைமாறவில்லை. அந்த நவம்பர் 19 அன்று, ஆட்டத்தின் இடைவேளையில், சான் ஃபிரான்சிஸ்கோ ரசிகர்கள் எழுந்து நிற்க, ரைஸ் ஓட வேண்டிய தேவை எதுவுமில்லாமல் களத்துக்குள் வந்தார்.